கடல்சார் வேலைக்குத் தயாராவது எப்படி: மருத்துவச் சோதனை முதல் கரைப்பணி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடல்சார் வேலை என்றதும் வெள்ளைச் சீருடை அணிந்த கப்பல் அதிகாரியின் உருவமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உலக வணிகச் சரக்கில் அளவின்படி 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல்வழியாகவே செல்கிறது. அதைச் சுமக்கும் கப்பல்களில் பணிபுரிவோர் ஏறத்தாழ 18.9 இலட்சம் பேர் என்று கப்பல் துறையின் பன்னாட்டுச் சங்கங்களான பிம்கோவும் ஐ.சி.எஸ். அமைப்பும் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அந்தக் கப்பலைக் கட்டுபவர், பழுதுபார்ப்பவர், துறைமுகத்தில் சரக்கை ஏற்றி இறக்குபவர், கடலடியை அளப்பவர், காப்பீடு எழுதுபவர், காற்றாலைகளைக் கடலுக்கு நடுவே நிறுத்துபவர், மீன் பிடிப்பவர், மீன் வளர்ப்பவர் என மற்ற அனைவரும் இந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறார்கள்.

இத்துறைக்குள் நுழைய விரும்புவோர் செய்யும் முதல் தவறு, கேள்விகளைத் தலைகீழாக அடுக்குவதுதான். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், எத்தனை மாதப் படிப்பு என்று தொடங்கி, பணத்தைக் கட்டி, சான்றிதழையும் வாங்கிய பிறகே, கப்பலில் ஏற்றிக்கொள்ள யார் இருக்கிறார் என்ற கேள்விக்கு வருகிறார்கள். வகுப்பறைச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்து கடலில் பணிபுரிந்த காலம் இல்லாதவர், அதிகாரித் தேர்வின் வாசலையே அடைய முடியாது. உடல் தகுதி, முதல் கப்பல், அதற்கேற்ற சான்றிதழ், கடைசியாகப் பயிற்சி நிலையம் என்பதே சரியான வரிசை. இவ்வழிகாட்டி உடல் தகுதியில் தொடங்கி, சான்றிதழ் ஏணியை விளக்கிவிட்டு, முதல் கப்பலைத் தேடும் வழிக்குச் செல்கிறது.

முதல் படி: பணம் கட்டும் முன் மருத்துவச் சோதனை

கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். அது அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஓராண்டுக்கு மட்டுமே. படிப்பில் சேர்ந்த பிறகு இந்தச் சோதனைக்குப் போய், நிறக்குருடு இருப்பதை அங்கேதான் முதன்முறையாக அறிந்தவர்கள் உண்டு. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைப் படிக்க முடியாதவருக்கு, கப்பலைச் செலுத்தும் டெக் பிரிவின் கதவு ஏறக்குறைய மூடியதுதான்.

இந்தக் கண்டிப்புக்கு வலுவான காரணம் உண்டு. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு; வலப்பக்க விளக்கு பச்சை. இரவில் நமக்கு வலப்புறத்தில் ஒரு சிவப்பு விளக்குத் தெரிந்தால், அந்தக் கப்பல் தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நமக்குக் குறுக்கே வருகிறது என்று பொருள். 1972-ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் 15-ஆவது விதிப்படி வழிவிட வேண்டியவர் நாம். அதே இடத்தில் பச்சை தெரிந்தால் கதையே வேறு. இருட்டில், தொலைவில், ஊசிமுனை அளவு ஒளியைப் பார்த்து எடுக்கும் முடிவு இது.

கண்ணாடி அணிவது எல்லா இடத்திலும் தடையன்று. டெக் அதிகாரிகளுக்கு ஒவ்வொரு கண்ணிலும், கண்ணாடியுடனாவது, 0.5 பார்வைத் திறன் வேண்டும் என்பது பன்னாட்டுக் குறைந்தபட்ச அளவு. நாடுகளும் நிறுவனங்களும் இதைவிடக் கடுமையான வரம்பை வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் பிரிவில் பார்வை அளவு சற்றுத் தளர்வானது. எனவே, சேரவிருக்கும் பிரிவுக்குரிய சோதனையை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடமே செய்துகொண்டு, எழுத்துப்பூர்வ முடிவு கைக்கு வந்த பிறகே கட்டணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: சான்றிதழ் ஏணியைப் புரிந்துகொள்ளுதல்

கப்பல் வேலைகளின் அடித்தளம் எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தம். மாலுமிகளின் பயிற்சி, சான்றளிப்பு, வாட்ச் எனப்படும் முறைவைத்துப் பார்க்கும் கண்காணிப்புப் பணி ஆகியவற்றுக்கான இந்த விதித்தொகுப்பு 1978-இல் உருவாகி, 1995-இலும், மணிலாவில் 2010-இலும் பெருமளவு திருத்தப்பட்டது. ஐ.எம்.ஓ. எனப்படும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விதியை வகுத்தாலும், சான்றிதழை வழங்குவது அந்தந்த நாட்டின் கடல்சார் நிர்வாகமே. ஐ.எம்.ஓ. தனிநபருக்குச் சான்றிதழ் தருவதில்லை, ‘ஐ.எம்.ஓ. சான்றிதழ்’ என்று விளம்பரம் செய்யும் நிலையத்தைக் கண்டால் அங்கேயே திரும்பிவிடலாம்.

எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதலில் முடிக்க வேண்டியது அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. கடலில் உயிர்தப்பும் முறை, தீத்தடுப்பும் தீயணைப்பும், தொடக்கநிலை முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் என்ற நான்கு பாடங்கள் அதில் உள்ளன. பாதுகாவல் விழிப்புணர்வுப் பயிற்சி தனி. உயிர்தப்பும் பயிற்சியிலும் தீயணைப்பிலும் திறன் மங்கவில்லை என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மெய்ப்பிக்க வேண்டும். வன்முறை, தொல்லை, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றைத் தடுப்பதும் எதிர்கொள்வதும் 2026 ஜனவரி 1 முதல் நான்காவது பாடத்தின் கட்டாயப் பகுதியாகியுள்ளது. 2021 அறிக்கையின்படி உலகக் கப்பல்களில் சான்றிதழ் பெற்ற பெண்கள் 24,059 பேர், அதாவது 1.28 விழுக்காடு மட்டுமே. இந்தப் பாடம் இவ்வளவு காலம் கழித்து வந்தது வருத்தத்துக்குரியது.

அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு பாதை பிரிகிறது. ரேட்டிங் எனப்படும் உதவிநிலைப் பணியாளராகச் சேர்பவர், ஆறு மாதக் கடற்பணிக்குப் பிறகோ, சிறப்புப் பயிற்சியோடு குறைந்தது இரண்டு மாதக் கடற்பணிக்குப் பிறகோ, வாட்ச் நிற்கும் ரேட்டிங் சான்றிதழைப் பெறலாம். அங்கிருந்து, தேர்ந்த மாலுமியைக் குறிக்கும் ஏபிள் சீமேன் நிலைக்கு உயரலாம். அதிகாரியாக விரும்புபவர் கேடட் எனப்படும் பயிற்சி அதிகாரியாகவோ, எஞ்சின் பிரிவில் பயிற்சிப் பொறியாளராகவோ சேர வேண்டும். மின்சாரம், தானியங்கிக் கருவிகள் ஆகியவற்றைக் கவனிக்கும் மின்தொழில்நுட்ப அதிகாரி என்ற தனிப் பிரிவு 2010 திருத்தத்தில்தான் உருவானது. மின்னணுவியல் படித்தவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய பிரிவு இது. கப்பலில் கணினி சாராத கருவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மேலோட்டமாகப் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு நுணுக்கம் இங்கே உள்ளது. டெக் பிரிவில் முதல் அதிகாரிச் சான்றிதழுக்கு, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் பகுதியாக, பயிற்சிப் பதிவேட்டுடன் பணிபுரிந்தவருக்கு 12 மாதக் கடற்பணி போதும். அத்திட்டத்துக்கு வெளியே வருபவருக்கு 36 மாதங்கள் வேண்டும். இரண்டு வழியிலும், குறைந்தது ஆறு மாதங்கள், கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில், தகுதியுள்ள அதிகாரியின் கண்காணிப்பில் வாட்ச் நின்றிருக்க வேண்டும். எஞ்சின் பிரிவிலும் இதே கணக்குத்தான்: பதிவேட்டுடன் பணிமனைப் பயிற்சியும் கடற்பணியும் சேர்ந்து 12 மாதங்கள், இல்லையேல் 36 மாதங்கள். ஆகவே, ஒரு படிப்பை விசாரிக்கும்போது அது அங்கீகரிக்கப்பட்ட திட்டமா என்ற கேள்வியின் விடை, வாழ்க்கையில் இரண்டு ஆண்டுகளின் மதிப்புக்கு நிகரானது.

மூன்றாம் படி: கல்லூரிக்கு முன் கப்பலைத் தேடுதல்

உலகில் அதிகாரிகளுக்குப் பற்றாக்குறை உண்டு. 2026-க்குள் மேலும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவர் என்று அதே 2021 அறிக்கை மதிப்பிட்டது. ஆனால் பற்றாக்குறை பெரும்பாலும் அனுபவமுள்ளவர்களுக்கே. கேடட்டுக்கு ஒதுக்கும் அறையும் உணவும் கப்பல் நிறுவனத்துக்குச் செலவு. கற்றுக்கொடுக்கும் நேரம் மூத்த அதிகாரிக்குச் சுமை. அதனால் கேடட் இடங்கள் எப்போதும் குறைவு. எந்த நிறுவனத்தின் கப்பலில், எந்த ஆண்டில் இடம் கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி இல்லாமல் பெருந்தொகை கட்டிச் சேர்வது, பயணச்சீட்டு வாங்கிய பிறகு வண்டியைத் தேடுவது போன்றது.

பயிற்சி நிலையத்திடம் நேராகக் கேட்க வேண்டியவை மூன்று. சென்ற மூன்று மாணவர் அணிகளில் எத்தனை பேர் சேர்ந்தனர், அவர்களுள் எத்தனை பேர் கப்பலேறினர், ஏற்றிக்கொண்ட நிறுவனங்கள் எவை. விடை சொல்லத் தயங்கும் நிலையத்தில், அந்தத் தயக்கத்தையே விடையாகக் கொள்ளலாம். வாய்ப்பிருந்தால், கடந்த ஆண்டு முடித்த மாணவர் ஒருவரிடமே பேசிவிடுவது விளம்பரத் தாள்கள் பத்தைவிட மேல்.

அடுத்தது ஆள்சேர்ப்பு முகவர்கள். எம்.எல்.சி. எனப்படும் 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், வேலை தேடித் தருவதற்கான கட்டணத்தை மாலுமியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மாலுமி தானே ஏற்க வேண்டிய செலவாக அது அனுமதிப்பவை மருத்துவச் சான்றிதழ், மாலுமி அடையாளப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவை மட்டும். விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளரின் பொறுப்பு. ‘கப்பல் உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்’ என்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், விதியை மீறிக்கொண்டே பேசுகிறார்.

வேலை உறுதிக் கடிதம் கைக்கு வந்தால் அதில் கப்பலின் ஐ.எம்.ஓ. எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பலின் பெயரும், அது பதிவான நாட்டைக் காட்டும் கொடியும் மாறலாம். ஏழு இலக்கம் கொண்ட இந்த எண் கப்பல் உடைக்கப்படும் வரை மாறாது. எண் ஒழுங்கானதா என்பதைத் தாளும் எழுதுகோலும் கொண்டே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும்; கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம், எண்ணின் ஏழாம் இலக்கத்தோடு பொருந்த வேண்டும். எடுத்துக்காட்டாக, 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 139, கடைசி இலக்கம் 9, எண் பொருந்துகிறது. அதே எண் 9074728 என்று முடிந்திருந்தால், அப்படியொரு ஐ.எம்.ஓ. எண் இருக்கவே முடியாது. கணக்கு பொருந்திவிட்டதனாலேயே கடிதம் உண்மையாகிவிடாது. பொருந்தாவிட்டால் அது பொய் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

எண் சரியாக இருந்தால், ஈக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் பதிவு செய்துகொண்டு அந்தக் கப்பலின் உரிமையாளர், மேலாண்மை நிறுவனம், கொடி, துறைமுகச் சோதனைகளில் கண்ட குறைகள், தடுத்துவைக்கப்பட்ட வரலாறு ஆகியவற்றைப் பார்க்கலாம். ஊதியம் தராமல் மாலுமிகளைக் கைவிட்ட கப்பல்களின் பட்டியலை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. வெளிப்படையாக வைத்திருக்கிறது. ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் முடியும் வேலை இது.

கையெழுத்திடும் முன் பணி ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள அவகாசம் கேட்பதும், கையெழுத்தான மூலப்படி ஒன்றைப் பெறுவதும் மாலுமியின் உரிமை. ஊதியம், பணிக்காலம், ஊதியத்துடன் கூடிய விடுப்பு, ஊர் திரும்பும் பயணச் செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். விடுப்புக் கணக்கு மாதத்துக்குக் குறைந்தது 2.5 நாட்கள், தொடர்ச்சியாகக் கப்பலில் இருக்கும் காலம் 12 மாதங்களைத் தொடக் கூடாது. ஏபிள் சீமேனுக்கு ஐ.எல்.ஓ. வழியாக ஒப்புக்கொள்ளப்பட்ட குறைந்தபட்ச மாத அடிப்படை ஊதியம் 2025 ஜனவரியில் 673 அமெரிக்க டாலராக இருந்தது. தரப்படும் ஊதியம் நியாயமானதா என்று ஒப்பிட இது ஓர் அளவுகோல். இரண்டு மாத ஊதியம் வராமல் போனாலே சட்டப்படி அது கைவிடப்பட்ட நிலையாகக் கருதப்படலாம். நிலுவை ஊதியத்தில் நான்கு மாதம் வரை ஈடுசெய்யும் நிதிப் பாதுகாப்புச் சான்றைக் கப்பலில் எல்லோரும் காணும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. ஏறிய முதல் வாரத்திலேயே அந்தத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: முதல் கப்பலில் சேர்க்க வேண்டியவை

முதல் கப்பலில் கேடட் சம்பாதிப்பது பணம் அன்று, கையெழுத்து. பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு பணிக்கும் நாள், இடம், செய்த விதம், மேற்பார்த்த அதிகாரியின் ஒப்பம் ஆகியவை வேண்டும். கடைசி மாதத்தில் மொத்தமாக ஒப்பம் வாங்கிய பதிவேடு, தேர்வாளர் புரட்டும் வேகத்திலேயே பிடிபட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘திசைகாட்டியின் பிழை கண்டேன்’ என்று எழுதி ஒப்பம் வாங்குபவர் பலர். அதே பணியை, ‘சூரியன் மறையும் வேளையில், அதன் கீழ்விளிம்பு தொடுவானத்துக்குச் சற்று மேலே இருந்தபோது ஜைரோ திசைகாட்டியில் எடுத்த திசை 268.5 பாகை, கணக்கிட்ட உண்மைத் திசை 267.8, ஜைரோ 0.7 பாகை கூடுதலாகக் காட்டுகிறது. இரண்டாம் அதிகாரி சரிபார்த்தார்’ என்று எழுதினால், செய்தவர் யார், பார்த்துக்கொண்டு நின்றவர் யார் என்பது தேர்வாளருக்கு விளங்கிவிடும். வாய்மொழித் தேர்வில் கேள்விகளும் அந்தப் பக்கத்திலிருந்தே எழும். எழுதியவருக்கு அது நன்மையே.

எஞ்சின் அறையிலும் இதே வழக்கம் பயன் தரும். பம்ப் ஒன்றைப் பிரித்துப் பூட்டினால், கழற்றிய வரிசை, அளந்த இடைவெளி, மாற்றிய சீல், பூட்டிய பின் காட்டிய அழுத்தம் ஆகியவற்றைச் சொந்தக் குறிப்பேட்டில் படத்தோடு எழுதி வைக்க வேண்டும். கையில் எண்ணெய்க் கறையோடு எழுதிய குறிப்பேடுதான் பின்னாளில் தேர்வுப் புத்தகம் ஆகிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலுக்கும் கப்பலுக்கும், கப்பலுக்கும் கரைக்கும் இடையே பேச ஐ.எம்.ஓ. 2001-இல் ஏற்றுக்கொண்ட நிலையான கடல்சார் தொடர்புத் தொடர்கள் உள்ளன. அவற்றில் இலக்கண நயம் கிடையாது. தவறாகப் புரிந்துகொள்ள இடம் தராத சிறு தொடர்கள்தாம். ஆங்கிலம் சரளமாக வராது என்ற அச்சத்தில் பின்வாங்குபவர்கள், அத்தொடர்களை வானொலியில் பேசுவது போல வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் முதல் மாதத்தின் திணறலில் பாதி குறையும். மீதிப் பாதி, வெவ்வேறு நாட்டினரின் உச்சரிப்புக்குக் காது பழகும் வரை இருக்கத்தான் செய்யும்.

உயிரோடு திரும்புவதும் ஒரு திறனே. கப்பல்களில் தொடர்ந்து உயிர் பறிக்கும் இடம், புயல் அடிக்கும் மேல்தளத்தைக் காட்டிலும், அமைதியாகக் கிடக்கும் மூடிய அறைகளாகவே இருக்கிறது. நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறையில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் துரு குடித்துவிடுகிறது. வாசனை இராது, எச்சரிக்கையும் இராது. வழக்கமான 20.9 விழுக்காட்டிலிருந்து வெகுவாகக் குறைந்த காற்றுக்குள் இறங்கியவர் ஏணியிலேயே சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க அவசரமாக ஓடியவர் இரண்டாவது உடலாகக் கிடப்பார். 2015 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடிய இட மீட்புப் பயிற்சி கட்டாயமானது இதனால்தான். காற்றை அளக்காமல், அனுமதித் தாள் இல்லாமல், வாசலில் ஆள் நிற்காமல் ‘சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வா’ என்று யார் சொன்னாலும் மறுக்கலாம். புதியவருக்கு மறுப்பது கடினம். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஓய்வுக்கும் கணக்கு உண்டு. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரம். பத்து மணி நேர ஓய்வை இரண்டு பகுதிகளுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு பகுதியாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். இல்லாத ஓய்வை இருந்ததாக ஓய்வுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடும் பழக்கம் பல கப்பல்களில் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. விபத்து நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் தாள்களில் ஒன்று அது.

ஐந்தாம் படி: எந்தப் பக்கம் சிறப்புத் திறன் பெறுவது

முதல் சான்றிதழ் கிடைத்த பிறகு, மொத்தச் சரக்குக் கப்பல், கன்டெய்னர் கப்பல், டேங்கர், எரிவாயுக் கப்பல், கடலடி எண்ணெய்த் தளங்களுக்குத் துணைசெய்யும் கப்பல் என்று வகை வகையாகப் பாதை பிரிகிறது. ஒரு வகையில் சேர்ந்த அனுபவத்தை மற்றொரு வகை முழுமையாக மதிப்பதில்லை. டேங்கரில் சரக்குக்குப் பொறுப்பேற்க மேல்நிலைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அந்த வகை டேங்கரில் மூன்று மாத அனுபவம், அல்லது கூடுதல் ஆளாக ஒரு மாதம் இருந்து குறைந்தது மூன்று ஏற்றமும் மூன்று இறக்கமும் கண்ட அனுபவம் தேவை. ஆகவே, டேங்கரில்தான் தொடர வேண்டும் என்று எண்ணுபவர் கேடட் காலத்திலேயே அதில் ஏற முயல வேண்டும். பின்னால் மாறுவது முடியாததன்று; பதவி ஏற ஏறக் கடினமாகும்.

எரிபொருள் மாற்றம் இன்று புதியவர்களுக்குச் சாதகமான இடம். 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2050-ஐ ஒட்டிக் கப்பல்துறையின் பசுங்குடில் வாயு வெளியீட்டை நிகர சுழியாக்க வேண்டும் என்ற இலக்கை ஐ.எம்.ஓ. 2023-இல் ஏற்றது. இயற்கை வாயு, மெத்தனால், அம்மோனியா ஆகியவற்றில் ஓடும் எஞ்சின்கள் வருகின்றன. மெத்தனால் தீயின் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, அம்மோனியா நச்சு. பல ஆண்டு டீசல் அனுபவம் உள்ள தலைமைப் பொறியாளரும் இவற்றில் புதியவரே. வாயு எரிபொருள் கப்பல்களுக்கான தனிப் பயிற்சியை இப்போதே முடிப்பவர், மூத்தவர்களோடு ஒரே கோட்டில் நின்று தொடங்குகிறார்.

ஆறாம் படி: கப்பலேறாமலே கடல்சார் வேலை

குடும்பச் சூழலாலோ, பார்வைக் குறையாலோ, விருப்பமின்மையாலோ கப்பலேறாதவர்களுக்கு இத்துறை மூடிக்கிடக்கவில்லை. இங்கேயும் விதி அதேதான்: எந்த நிறுவனம் எந்தச் சான்றை ஏற்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டுப் பயிற்சியில் சேர வேண்டும்.

துறைமுகத்தில் பெரிய கிரேன்களை இயக்குபவர்கள் இப்போது சிமுலேட்டரில் பழகிய பிறகே மேலே ஏற்றப்படுகிறார்கள். பல டெர்மினல்களில் கிரேனைத் தரையிலுள்ள அறையிலிருந்தே இயக்குகிறார்கள். கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களில் எது கப்பலில் எங்கே அமர வேண்டும் என்று வகுக்கும் அடுக்குத் திட்டப் பணிக்கு, எடைச் சமநிலையும் இறங்கும் துறைமுக வரிசையும் தலைக்குள் ஒருங்கே ஓட வேண்டும். அடுத்த துறைமுகத்தில் இறங்க வேண்டிய பெட்டகத்தின் மேல் கடைசித் துறைமுகத்துக்கான பெட்டகத்தை அடுக்கினால், அதைத் தூக்கி மாற்றும் ஒவ்வொரு அசைவும் செலவு. கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது நல்ல நுழைவாயில்.

கடலளவீடு தனி உலகம். உலகக் கடலடியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே நவீனக் கருவிகளால் நுட்பமாக வரையப்பட்டிருக்கிறது. 1921-இல் தோன்றிய பன்னாட்டு நீரளவியல் அமைப்பின் ஏ, பி ஆகிய இரு தரநிலைகளில் எது ஒன்றுக்கேனும் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார்த்துச் சேர வேண்டும்; அந்த அங்கீகாரம் நாடு தாண்டியும் செல்லும். புவித் தகவலியல், நில அளவை, மின்னணுவியல் படித்தவர்கள் இதற்குள் வரலாம்.

கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் பணிக்கு, உலகக் காற்றாலை அமைப்பான ஜி.டபிள்யூ.ஓ. வகுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைத்தான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். முதலுதவி, சுமை கையாளுதல், தீ விழிப்புணர்வு, உயரத்தில் பணி, கடலில் உயிர்தப்புதல் என்று ஐந்து பகுதிகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் அது நுழைவுச்சீட்டு மட்டுமே. மின்பணியோ, ஹைட்ராலிக் பணியோ, வெல்டிங்கோ கையில் இல்லாதவருக்கு அந்தச் சீட்டினால் பயன் குறைவு.

வெல்டிங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாய்த்து நிலையாக நிறுத்திய குழாயைச் சுற்றி எல்லாத் திசையிலும் பற்றவைக்கும் 6ஜி நிலையில் தேறியவருக்குக் கப்பல் கட்டும் தளம், பழுதுபார்க்கும் தளம், எண்ணெய்த் தளம் என எங்கும் இடம் உண்டு. கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் கிளாஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் முன்னிலையில் பற்றவைத்துக் காட்டிப் பெறும் ஒப்புதல், பட்டப்படிப்புக்குக் குறையாத எடை கொண்டது. கப்பல் உடைக்கும் தொழிலிலும் 2025 ஜூன் 26 முதல் ஹாங்காங் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், கப்பலில் உள்ள அபாயப் பொருட்களைப் பட்டியலிடத் தெரிந்தவர்களுக்குத் தேவை உருவாகியுள்ளது.

மீன்பிடிக் கப்பல்களுக்கென்று தனிப் பயிற்சி ஒப்பந்தமும், 2017-இல் நடைமுறைக்கு வந்த தனித் தொழிலாளர் ஒப்பந்தமும் உள்ளன. வணிகக் கப்பலுக்கான எம்.எல்.சி. அங்கே செல்லாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வணிகவியலும் சட்டமும் படித்தவர்களுக்குக் கப்பல் முகமை, கப்பல் தரகு, வாடகை ஒப்பந்தம், காப்பீடு ஆகியவை உள்ளன. தரகுத் தொழிலில் 1920-இல் அரச சாசனம் பெற்ற பட்டயக் கப்பல் தரகர் நிறுவனத்தின் தேர்வுகளை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம்.

ஏழாம் படி: கப்பலிலிருந்து கரைக்கு

கப்பல் வாழ்க்கையை ஓய்வுபெறும் வயது வரை தொடர்பவர்கள் சிலரே. ஆகவே, எந்தப் பதவியில் கரையிறங்குவது என்று முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். கப்பல்களைக் கரையிலிருந்து கண்காணிக்கும் சூப்பரின்டென்டன்ட் பணிக்கு மேல்நிலைச் சான்றிதழும் அந்தப் பதவியில் பணிபுரிந்த காலமும் கேட்பது வழக்கம். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் பணிக்குப் பல நாடுகளில் கேப்டன் சான்றிதழ் தேவை. கிளாஸ் நிறுவன ஆய்வாளர், கப்பல் உரிமையாளர்கள் கூட்டாக நடத்தும் காப்பீட்டு மன்றத்தின் உரிமைக்கோரல் அதிகாரி, பயிற்சியாசிரியர் போன்ற பணிகளுக்கு எழுத்துத் திறனும் வேண்டும். மேலாண்மை, கொள்கை வகுப்பு ஆகியவற்றில் நாட்டமுள்ளவர்களுக்கு, ஐ.எம்.ஓ. 1983-இல் சுவீடனின் மால்மோ நகரில் நிறுவிய உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் முதுநிலைப் படிப்பு தருகிறது. இரண்டாம் அதிகாரியாக இருக்கும்போதே அவசரப்பட்டு இறங்கிவிட்டால், கரையில் கிடைக்கும் நாற்காலி தாழ்வாகவே இருக்கும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்து அடுத்த சான்றிதழையும் முடித்துவிட்டு இறங்குவதே பெரும்பாலும் கணக்குக்கு ஒத்துவருகிறது.

இறங்கியபின் தகுதிச் சான்றிதழைக் காலாவதியாக விட்டுவிடக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க, முந்தைய ஐந்தாண்டில் மொத்தம் 12 மாதக் கடற்பணியோ, கடைசி ஆறு மாதத்துக்குள் மூன்று மாதக் கடற்பணியோ காட்ட வேண்டும். கடற்பணிக்கு நிகராக ஏற்கப்படும் கரைப்பணியும், சில நாடுகளில் தேர்வோ புத்தாக்கப் பயிற்சியோ மாற்று வழிகள். எந்தக் கரைப்பணி நிகரானது என்பதை நிர்வாகமே முடிவு செய்யும் என்பதால், வேலையை ஏற்கும் முன்பே சான்றிதழ் வழங்கிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் இறங்கும் நாளன்று, ஏறிய தேதி, இறங்கிய தேதி, பதவி, கப்பலின் மொத்த டன், எஞ்சின் திறன் ஆகியவை குறித்த கடற்பணிக் கடிதத்தைக் கேப்டனின் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கிவிட வேண்டும். நிறுவனங்கள் கைமாறும், மூடப்படும். பத்தாண்டு கழித்து அந்தக் கடிதத்தைத் தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.